ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு மீன் வளர்க்காதீர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கரையோர ஊர்களில் கடல் அலங்கார மீன் பிடித்து விற்பது பலருக்குத் தொழில். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை சுழியோடிகள் பிடித்து வரும் மீன்கள் சில நாட்கள் தொட்டிகளில் வைக்கப்பட்டு, கொழும்பு வழியாக வெளிநாடு போகின்றன. வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைப்போரும் நம்மில் உண்டு.

ஒரு மீன் செத்தால் எவ்வளவு நட்டம் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். வெறுங்காலோடு ஈரச் சீமெந்துத் தரையில் நின்று தொட்டிக்குள் கை விடும் பையனின் உயிரையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறோமா?

கடல்நீர் குழாய்த் தண்ணீரை விட ஏறத்தாழ நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். தெறிக்கும் உப்புநீர் பிளக்கிலும் வயரிலும் காய்ந்து வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் படிவமே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். தண்ணீருக்குள் இருக்கும் பம்பின் உறை வெடித்தால் 230 வோல்ட் நேரே தொட்டிக்குள் இறங்கும்.

"பிரேக்கர் இருக்கிறதே" என்பார்கள். 6 ஆம்பியர் பிரேக்கர் என்பது 6,000 மில்லி ஆம்பியர். மனிதனின் இதயத்தை நிறுத்த 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவானதே போதும். பிரேக்கர் வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான். போன மின்சாரம் அதே அளவில் திரும்பி வராவிட்டால் அது நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இங்கேதான் வியாபாரிக்குச் சங்கடம். இரவில் ட்ரிப் விழுந்தால் பம்பு நிற்கும், தண்ணீரில் ஒட்சிசன் குறையும், விடியும்போது மீன்கள் மிதக்கும். இதற்குப் பயந்து ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடிக்கடி ட்ரிப் விழுகிறது என்றால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பதை விட்டு, காவற்காரனை வீட்டுக்கு அனுப்பலாமா?

வழி இருக்கிறது. எல்லாத் தொட்டிகளையும் ஒரே ட்ரிப்பில் தொங்கவிடாமல், பம்புகளை இரண்டு மூன்று இணைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் போடுங்கள். ஒன்று விழுந்தால் மற்றது ஓடும். மின்சாரம் போனதும் தானாக ஓடும் பற்றரி காற்றுப் பம்பு ஒன்றும் வையுங்கள்.

இன்னொரு கேள்வி: "நானா, தண்ணீரில் மீட்டர் வைத்தால் 40 வோல்ட் காட்டுகிறதே?" பம்பின் சுருளும் விளக்கும் பக்கத்தில் இருந்தாலே டிஜிட்டல் மீட்டர் அப்படிக் காட்டும், பெரும்பாலும் அதில் மின்னோட்டம் மிக அற்பம். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆபத்து உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாது. சிலர் உடனே தண்ணீருக்குள் எர்த் கம்பி இறக்குகிறார்கள். ட்ரிப் இல்லாமல் எர்த் மட்டும் கொடுத்தால், பழுதான பம்பின் மின்சாரம் தண்ணீர் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ட்ரிப், பிறகுதான் டைட்டேனியம் எர்த் கம்பி. இரண்டும் இருந்தால், ஒழுக்கு வந்தவுடனேயே, யாரும் கை வைக்குமுன், ட்ரிப் விழும்.

மேலும் சில காரியங்கள். பிளக் பொயின்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வயர் பொயின்டை விடத் தாழ்ந்து வளைந்து பிறகு மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். உப்புப் படிவை, மெயினை நிறுத்திய பின் துடையுங்கள். கை விடுமுன் அந்தத் தொட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை ட்ரிப்பின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். வயரிங் வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளரிடமே கொடுங்கள்.

செத்த மீனுக்குப் பதில் அடுத்த பருவத்தில் வேறு மீன் வரும். தொட்டி கழுவும் பிள்ளைக்குப் பதில் அவன் தாய்க்கு நாம் எதைக் கொடுப்போம்?