பள்ளிக்கு நூறு மேசைகள்

ஒரு மத்தியப் பள்ளிக்கு நூறு மேசைகள் தேவைப்படுகின்றன. பள்ளி முதல்வர் தமக்கு அறிமுகமான கடைக்காரரிடமே அவற்றை வாங்கிவிட இயலுமா? இயலாது. செலவாகும் பணம் அவருடையதன்று. மக்கள் செலுத்திய வரிப்பணம்.

இத்தகைய கொள்முதலை மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 நெறிப்படுத்துகின்றன. பெரிய கொள்முதல் எனில், பலரும் அறியுமாறு விளம்பரம் செய்து ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். பொருளின் அளவும் தரமும் அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும். ஒரே நிறுவனத்தின் பொருளுக்குப் பொருந்துமாறு அவற்றை எழுதுதல் கூடாது. ஒருவருக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் அணியலாம் என்பது போன்றது அது.

இரட்டை உறை முறையில், தரம் பற்றிய விவரங்கள் கொண்ட உறை முதலில் திறக்கப்படும். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பின்னர் திறக்கப்படும். விலை முன்னரே தெரிந்துவிட்டால், தரத்தை எடைபோடும் மனம் ஒருபுறம் சாய்ந்துவிடக்கூடும் அல்லவா? விலக்கப்பட்டவர் அதனைக் கேள்விக்குட்படுத்தவும் விதிகளில் இடமுண்டு.

தேறியவர்களுள் குறைந்த விலை கூறியவருக்கே பொதுவாக வாய்ப்புக் கிட்டும். ஆனால் குறைந்த விலை எப்போதும் சிக்கனம் ஆகாது. 4,000 ரூபாய் மேசை நான்கு ஆண்டுகளிலும், 5,000 ரூபாய் மேசை பத்து ஆண்டுகளிலும் பழுதாகின்றன எனக் கொள்வோம். முன்னதற்கு ஆண்டுச் செலவு 1,000 ரூபாய். பின்னதற்கு 500 ரூபாயே. நூறு மேசைகளில் முதல் நாள் மிச்சமாகத் தோன்றிய ஒரு லட்சம் ரூபாய், இரண்டே ஆண்டுக் கணக்கில் கரைந்துவிடும். உடைந்த மேசையில் எழுதும் மாணவரின் இடர்ப்பாடு இக்கணக்கில் சேரவில்லை.

இக்குறையை உணர்ந்த நிதி அமைச்சகம், கட்டுமானம் போன்ற சில பணிகளில் தரத்திற்கும் 30 விழுக்காடு வரை மதிப்பெண் வழங்க 2021-இல் வழிவகுத்தது. மேசைகளுக்கு அவ்வழி இல்லை. எனவே பலகையின் தடிமன், இரும்புக் குழாயின் கனம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை அறிவிப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அறிவிப்பை எழுதுபவர் சோம்பினால், எத்தனை உறைகள் இருந்தும் பயனில்லை.

சிறு தொழிலகங்களுக்குத் தனிச் சலுகை ஒன்று உண்டு. பெருநிறுவனம் 4,000 ரூபாய் கூறி முதலிடம் பெற, சிறு தொழிலகம் 15 விழுக்காட்டுக்கு மிகாமல், அதாவது 4,600 ரூபாய்க்குள் கூறியிருப்பின், தன் விலையையும் 4,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டு கொள்முதலில் ஒரு பகுதியைப் பெறலாம். அரசுக்குக் கூடுதல் செலவில்லை. சிறிய பட்டறைக்கும் வேலை கிடைக்கிறது.