வாய் திறக்காத குஞ்சு

மொரப்பூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி வயக்காட்டுக் கிணற்றிலிருந்து ஒரு மாடப்புறாக் குஞ்சை எடுத்து வந்தானாம். ஒரு இறக்கையில் காயம். மஞ்சள் வைத்துக் கட்டினார்களாம். பசும்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, இங்க் ஃபில்லரில் எடுத்து, அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்களாம். இரண்டாம் நாள் காலையில் அட்டைப் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்ததாம். "நாங்கள் நல்லாத்தானே பார்த்துக்கிட்டோம், என்ன தப்பு செஞ்சோம்?" என்று கடிதம் முடிகிறது.

'ஒரு தப்பும் செய்யவில்லை, அதன் ஆயுசு அவ்வளவுதான்' என்று நாலு வரி ஆறுதல் எழுதியிருக்கலாம். அது பொய்யாகிவிடும். பையனாக இருந்தபோது நானும் இதே தப்பை, இதே மாதிரி பசும்பாலை வைத்துக்கொண்டு செய்தேன். ஆகவே இந்த வாரம் புறாக்குஞ்சு.

மாடப்புறாவை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருந்தவர்களின் சட்டைக்கு அது ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது மரத்துப் பறவை அல்ல, பாறைப் பறவை. செங்குத்தான பாறையின் இடுக்குகளில் முட்டையிட்டு வாழ்ந்த இனம். குன்று இல்லாத சமவெளியில் அதற்கு அந்த இடுக்கைக் கொடுத்தது நம் ஊர்க் கல்கட்டுக் கிணறுகள்தான். எண்பது அடி ஆழத்துக்கு வெட்டிய கிணறு புறாவின் கண்ணுக்குத் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு குன்று. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் பொந்தில் நாலு குச்சியைப் போட்டு, அதையும் ஒழுங்காக அடுக்காமல், இரண்டு முட்டை இடும். கூடு கட்டுவதில் தூக்கணாங்குருவி பெருந்தச்சன் என்றால், புறா அவசரத்துக்குப் பந்தல் போடும் ஆள். குஞ்சு தவறி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கும் அப்படித்தான் ஒன்று கிடைத்தது. மோட்டார் குழாயைத் தாங்கும் சட்டத்தின்மேல் விழுந்து கிடந்தது. மஞ்சள் மயிர், ஊதிய வயிறு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய அலகு. புறாக்குஞ்சைப் போல அழகில்லாத குஞ்சு இன்னொன்று கிடையாது. நான் டம்ளரில் பாலோடு உட்கார்ந்திருந்ததை ஆயா பார்த்தார். "முட்டை போடற சாதி எங்கடா பால் குடிக்கும்?" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் வாழை மரத்தடியில் குழி தோண்டினேன்.

ஆயா சொன்னது பாதி சரி. பசும்பால் எந்தப் பறவைக்கும் ஆகாது. அதிலுள்ள பால் சர்க்கரையைச் செரிக்கும் வழி பறவையின் குடலில் இல்லை. மீதிப் பாதியில்தான் இந்தக் கட்டுரையின் விந்தை இருக்கிறது. முட்டை போடும் சாதியில் பால் குடித்து வளரும் ஒன்று உண்டு. அது புறாதான்.

முட்டை பொரிய ஏறத்தாழ பதினெட்டு நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே தாயின் தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பை தடித்துவிடுகிறது. மற்ற நாட்களில் அது தானியத்தைத் தேக்கி ஊறவைக்கும் வெறும் பை. இப்போது அதன் உள்சுவரில் உயிரணுக்கள் அடுக்கடுக்காகப் பெருகி, கொழுப்பையும் புரதத்தையும் நிரப்பிக்கொண்டு, பிறகு சுவரை விட்டு உதிர்கின்றன. உதிர்ந்தது திரிந்த பாலைப் போல, இளமஞ்சள் கட்டிகளாகச் சேர்கிறது. இதுதான் புறாப்பால். ஈரத்தை நீக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் புரதம், மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு. நோயை எதிர்க்கும் பொருள்களும் உண்டு. பசும்பாலில் இருக்கும் பால் சர்க்கரை மட்டும் இல்லை. முதல் மூன்று நான்கு நாளைக்குக் குஞ்சுக்கு இதைத் தவிர வேறெதுவும் உணவில்லை. அதன்பின் ஊறிய தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும்.

இன்னொரு வியப்பு, அப்பனும் பால் கொடுக்கிறான். காலை பத்து மணி வாக்கில் முட்டைமேல் வந்து உட்கார்ந்து மாலை வரை அடைகாப்பது ஆண். இரவுக் காவல் பெண்ணுடையது. பால் சுரப்பதிலும் அதே பங்காளி முறை. பறவைகளில் இந்த மாதிரிப் பால் கொடுப்பவை வேறு இரண்டே வகை: பூநாரைகளும், தென்துருவத்துப் பேரரசப் பெங்குவின் ஆண்களும்.

லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ஹண்டர் 1786-லேயே இந்தத் தீனிப்பையை அறுத்துப் பார்த்து எழுதிவைத்தார். 1930-களில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சுரக்கவைக்கும் ஹார்மோனைப் பிரித்தெடுத்து 'புரோலாக்டின்' என்று பெயரிட்டார்கள். பிரசவித்த பெண்ணுக்குப் பால் சுரக்கவைப்பதும் அதே புரோலாக்டின்தான். பிறகு பல ஆண்டுகள், ஒரு மருந்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அறிய அதைப் புறாவுக்கு ஊசி போட்டு, தீனிப்பை எவ்வளவு தடித்தது என்று அளந்தார்கள். மனிதத் தாய்ப்பாலைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பகுதி புறாவின் தொண்டை வழியாக வந்தது.

இந்தப் பால் எதற்கு என்று யோசித்தால் நம் வறண்ட சீமையில் புறா செழித்திருப்பதன் ரகசியம் புரியும். சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான். ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சி தேடியாக வேண்டும். பூச்சிக்கு மழை வேண்டும், பசுமை வேண்டும். புறாவுக்கு அந்தக் கவலை இல்லை. களத்தில் சிந்திய கம்பும் கொள்ளும் போதும். அதையே தன் உடம்பில் பாலாக்கிக் கொடுத்துவிடும். ஆகவே எந்த மாதத்திலும் அதனால் குஞ்சு பொரிக்க முடிகிறது. பொரிந்த அன்று பதினைந்து கிராம் இருக்கும் குஞ்சு ஒரு மாதத்துக்குள் முந்நூறு கிராமை எட்டுகிறது.

புறாவுக்காகத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்த சிபியை நமக்குத் தெரியும். அவன் வழிவந்தவர்கள் என்பதால்தான் சோழருக்குச் செம்பியர் என்று பெயர். அந்த மன்னன் ஒரே ஒரு முறை செய்ததை, தன் உடம்பைக் கரைத்து இன்னொரு உயிருக்கு ஊட்டுவதை, கிணற்றுப் பொந்திலிருக்கும் புறா ஒவ்வொரு ஈட்டுக்கும் செய்கிறது. யாரும் கதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பால் மட்டுமல்ல, கொடுத்த முறையும் தவறு. மைனாக்குஞ்சும் காக்கைக்குஞ்சும் தாயைக் கண்டதும் வாயை அகலப் பிளக்கும். தாய் அலகை உள்ளே விட்டு ஊட்டும். புறாவில் எல்லாம் தலைகீழ். குஞ்சு வாயைப் பிளக்காது. தாய்தான் திறக்கும். குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கையில் எடுத்த புறாக்குஞ்சு வாய் திறக்காமல் உங்கள் விரலிடுக்கை முட்டிக்கொண்டே இருக்கிறது. 'சாப்பிட மாட்டேன் என்கிறது' என்று நாம் அலகைப் பிரிக்கிறோம். அது அப்போதுதான் சாப்பாடு கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஆபத்து நம் கைப்பழக்கம். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சங்கில்தான் பால். மடியில் கிடத்தி, உதட்டோரத்தில் சங்கை வைத்துச் சாய்ப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த கை, எந்தக் குட்டியைக் கண்டாலும் சாய்த்து ஊற்றத்தான் போகும். பறவையின் மூச்சுக்குழல் வாசலோ நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றியது நேராக அதற்குள் போகும். குழந்தைக்குப் புரையேறினால் இருமும், தலையில் தட்டுவோம். நமக்குள்ள உதரவிதானம் பறவைக்கு இல்லை, நம்மைப் போல இருமித் தள்ள அதனால் முடியாது. ஃபில்லரால் செத்த குஞ்சுகளில் பல, பசியால் சாகவில்லை, மூழ்கிச் செத்தவை.

இரண்டாவது குஞ்சு எனக்குக் கிடைத்தது பல வருஷம் கழித்து. காக்கை கொத்தி முதுகில் தோல் கிழிந்திருந்தது. கால்நடை மருத்துவர் புண்ணைக் கழுவி மருந்து கொடுத்தார். பூனை கடித்திருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள் என்றும் சொன்னார்: பூனைப் பல்லிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் பறவை பிழைக்காது. மஞ்சள் அதற்குப் போதாது.

அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை இன்றும் மறக்கவில்லை: முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில் தீனி. சில்லிட்ட உடம்பு எதையும் செரிக்காது. அட்டைப் பெட்டியில் பழைய வேட்டித் துணியைப் போட்டு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணி சுற்றி ஒரு ஓரமாக வைத்தேன். கால் வெதுவெதுப்பான பிறகு, கிண்ணத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலகின் நுனியை மட்டும், மூக்குத் துளை நனையாமல், தொடவைத்தேன். கோழி ஒரு வாய் குடித்துவிட்டு வானத்தைப் பார்க்கும். புறா அப்படியில்லை. குனிந்த தலை நிமிராமல், மாடு மாதிரி உறிஞ்சிக் குடிக்கும். என் குஞ்சும் குடித்தது.

தீனிக்குப் பச்சைப்பயறு. இரவே ஊறப்போட்டு, தோல் வெடித்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி, உள்ளங்கையில் குவித்து, விரல்களைக் குவளைபோல மடக்கி, நடுவிலே ஒரு இடுக்கு விட்டேன். குஞ்சு அலகை அந்த இடுக்கில் நுழைத்து, இறக்கையை அடித்துக்கொண்டு, முட்டி மோதித் தின்றது. கன்றுக்கு வாளியில் பால் குடிக்கப் பழக்க, பாலுக்குள் விரலை விட்டுச் சூப்பக் கொடுப்பார்கள். அதே வித்தைதான். மருந்துக்கடை சிரிஞ்சின் முன்பக்கத்தை வெட்டி, அதன் வாயில் துளையிட்ட ரப்பரைக் கட்டி, உள்ளே பயறு நிரப்பியும் கொடுக்கலாம்.

எவ்வளவு என்று அளவு கேட்பார்கள். அளவுகோல் குஞ்சின் கழுத்தடியிலேயே இருக்கிறது. தின்றபின் தீனிப்பை, தளர்வாகத் தண்ணீர் நிரப்பிய பலூன்போல இளகி இருக்க வேண்டும். கல்லாக இறுகினால் அதிகம். அது வற்றிய பிறகுதான் அடுத்த வேளை. ஊறிய சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் வேண்டாம். இந்தப் பயறு வைத்தியம் இறகு முளைக்கத் தொடங்கிய குஞ்சுக்குத்தான். கண் திறக்காத குஞ்சென்றால் கூட்டிலேயே திருப்பி வைப்பதுதான் முதல் வைத்தியம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. கூடு எட்டாவிட்டால் புறா வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். வளர்ப்புப் பறவைக் கடையில் குஞ்சுத்தீனி மாவு கிடைக்கும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எச்சம் காய்ந்த தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். அதனால் நுரையீரல் கெடுவது கட்டுக்கதை அல்ல.

மஞ்சள் மயிர் முழுதும் உதிர்ந்து, தரையில் தூவிய கம்பை அதுவே பொறுக்கத் தொடங்கிய பிறகு, பெட்டியை மாடிக்கு மாற்றினேன். மற்றப் புறாக்களைப் பார்க்கட்டும் என்றுதான். ஒரு நாள் அவற்றோடு எழும்பிப் போனது. திரும்பிப் பார்த்ததா என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை. அதுதான் தேறியதற்கு அடையாளம். காட்டுப் பறவையைக் கூண்டில் வைத்துக்கொள்ள 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தருவதில்லை. மணிப்புறா, கிளி மாதிரி ஒன்று அடிபட்டுக் கிடைத்தால் மொரப்பூர் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.

நமக்குப் புறாவிடம் நடுநிலை என்பதே இல்லை. சின்ன வயதில், ராத்திரியில் கிணற்று வாயில் வலை விரித்து, உள்ளே கல்லெறிந்து, கலைந்து எழும் புறாக்களைக் கூடை கூடையாகப் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்த காலில் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று இன்றும் கழுத்தை அறுக்கிறவர்கள் உண்டு. சரியாகாது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம் அதில் போய்விடும். எதிர்முனையில், மும்பையில் மூட்டை மூட்டையாகத் தீனி கொட்டிப் புறாவைப் பெருக்கினார்கள். கடைசியில் 2025-ல் அந்தத் தீனிக்களங்களை மாநகராட்சி மூடப்போய்த் தெருவில் தகராறு. அறுப்பவருக்கும் புறாவைத் தெரியாது, கொட்டுபவருக்கும் தெரியாது. பால் புகட்டிய எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதற்கிடையில் கிணறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. போர் போட்ட பிறகு கிணறு எதற்கு என்று மண்ணடித்து மூடுகிறோம். மூடாததில் குப்பை கொட்டுகிறோம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் வருஷந்தோறும் தூர்வாரிய கிணற்றில், இப்போது பிளாஸ்டிக் பைக்கு மேலே புறா முட்டையிடுகிறது.

பாப்பா, உன் தம்பி கிணற்றுக்குள் இறங்கியது மட்டும்தான் எனக்குப் பிடிக்காத காரியம். பெரியவர்கள் இல்லாமல் இனி இறங்க வேண்டாம் என்று சொல். மற்றபடி நீங்கள் இருவரும் என்னைவிட நல்லவர்கள். நான் குழியை மூடிவிட்டு விளையாடப் போனேன். நீ காரணம் கேட்டுக் கடிதம் எழுதினாய். அந்தப் பொந்தில் அடுத்த ஈட்டுக்கு வெகுநாள் ஆகாது. மறுபடி ஒன்று விழுந்தால் பாலைத் தேடாதே. பெட்டியைச் சூடாக்கு, காயத்தை மருத்துவரிடம் காட்டு, ஒரு கைப்பிடி பச்சைப்பயறை ஊறப்போடு. அதன் வாயைப் பிரிக்காதே. விரலை மடக்கிக் காட்டு, அதுவே வரும்.