ஒரே மாத்திரை, ஒரே அளவு: ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு மிஞ்சியும் போவது ஏன்?

ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் இருவருக்கு ஒரே பூஞ்சை மருந்து. ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. மற்றவருக்கோ, இல்லாத உருவங்கள் கண்முன் தெரிகின்றன. எப்படி?

கீமோவால் வெள்ளையணுக்கள் சரியும். நாம் தினமும் சுவாசிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் அப்போது நுரையீரலில் முளைவிடலாம். அதை அடக்கும் முக்கிய மருந்து வோரிகோனசோல்.

உடலை ஒரு தண்ணீர்த் தொட்டியாக நினையுங்கள். மாத்திரைதான் குழாய்; கல்லீரல்தான் வடிகால் துளை. துளை பெரிதாக இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் ஏறாது. சிறிதாக இருந்தால் வழியும். துளையின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது பிறவியிலேயே வந்த மரபணு.

உடன் சாப்பிடும் மருந்துகளும் துளையை மாற்றும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதைப் பெரிதாக்கும்; அசிடிட்டிக்கான ஒமிப்ரசோல் சுருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. துளை வடிக்கும் வேகத்துக்கும் ஓர் உச்சம் இருக்கிறதே! அதைத் தொட்டபின் மருந்தைச் சற்றே கூட்டினாலும் மட்டம் கிடுகிடுவென ஏறும்.

அதனால்தான் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் 1 முதல் 5.5 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. குறைந்தால் பூஞ்சை தப்பும். மிஞ்சினால் மனக்குழப்பம் வரலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம்.

சோதனைக்கு ரத்தம் எடுப்பது, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு. மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் அதுதான். எனவே சோதனை நாளன்று, ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரையைப் போடுங்கள்.