ஸ்னோகைட்டிங் கத்துக்க ஆசையா? கொள்ளிடம் மணல் ஏன் சரிவராது, திருச்சியில் இருந்து எங்கே போகலாம்?

ஆடி மாசத்தில் கொள்ளிடம் பாலத்தில் பைக் ஓட்டியவர்களுக்குக் காற்றின் பலத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். இன்னொரு பக்கம், பெரிய பட்டம் ஒன்று ஆளை இழுத்துக்கொண்டு பனி மேல் சீறிப் பாயும் ரீல்ஸ் வீடியோக்கள் மொபைலில் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 'பனி இல்லாட்டி என்ன, நம்ம ஆத்து மணல்லயே பழகலாமே' என்று ஸ்ரீரங்கத்தில் யாருக்காவது தோன்றினால் ஆச்சரியமில்லை.

திருச்சியில் காற்று இருக்கிறது, அதற்கேற்ற இடம்தான் இல்லை. ஆனால் இந்த விளையாட்டின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ள நார்வே வரை போகத் தேவையில்லை, ராமேஸ்வரம் போதும்.

ஸ்னோகைட்டிங் என்றால் என்ன?

காலில் ஸ்கீ அல்லது ஸ்னோபோர்டு. இடுப்பில் ஹார்னெஸ் எனப்படும் பட்டை. கையில் ஒரு பார், அதாவது கட்டுப்பாட்டுக் கம்பி. அதிலிருந்து சுமார் 20 மீட்டர் நீளக் கயிறுகள், அவற்றின் முனையில் பல சதுர மீட்டர் பரப்புள்ள பட்டம். காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்கும். இதையே கடலில், காலில் பலகையை மாட்டிக்கொண்டு செய்தால் அது கைட்சர்ஃபிங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டம் கட்டிப் பாயும் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது கடல் வகையில்தான். மார்செய் நகரக் கடலில் அந்தப் போட்டி நடந்தது.

பனியோ, கடலோ, மணலோ, பட்டத்தைக் கையாளும் வித்தை ஒன்றுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய அரைவட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் அதற்குள்தான் பறக்கும். தலைக்கு நேர் மேலேயோ, இடது வலது ஓரங்களிலோ இருந்தால் இழுவை குறைவு. நேர் முன்னால், தாழ்வாக இறங்கிவிட்டால் முழு பலத்தோடு இழுக்கும். புதிதாகப் பழகுபவர்கள் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் 2 மடங்கானால் இழுவை 2 மடங்கு ஆகாது, 4 மடங்கு ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் சுகமாகப் பறந்த அதே பட்டம், 40 கிலோமீட்டர் காற்று திடீரென அடித்தால் வேறு ஜந்து. 'கொஞ்சம்தானே கூடியிருக்கு' என்று நினைப்பது இங்கே செல்லாது.

கொள்ளிடம் மணல் ஏன் சரிவராது?

பார்க்க அகலமான, காலியான மணல். அதுதான் ஏமாற்றுகிறது.

முதல் சிக்கல் கம்பி. ஆற்றின் குறுக்கே உயர் அழுத்த மின்பாதைகள் போகின்றன. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளம் வந்தபோது, திருச்சி கொள்ளிடம் ஆற்றுக்குள் நின்ற மின்கோபுரமே சாய்ந்து விழுந்தது நினைவிருக்கும். 20 மீட்டர் உயரத்துக்குப் போகும் பட்டத்துக்கும் அந்தக் கம்பிகளுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை.

இரண்டாவது, திசை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று கரூர் பக்கமிருந்து திருச்சிக்கு வருகிறது. ஆறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அப்படியென்றால் பட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும் பக்கம் கிழக்கு. அங்கே ரயில் பாலமும் சாலைப் பாலங்களும் நிற்கின்றன. பட்டம் பழகுவதற்கான இடத்தில் காற்று போகும் பக்கம் நூற்றுக்கணக்கான மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி.

மூன்றாவது, கரையோரத் தென்னந்தோப்புகளும் கட்டடங்களும். தடையைத் தாண்டி வரும் காற்று சுழன்று, விட்டுவிட்டு அடிக்கும். தடையின் உயரத்தைப் போல 7 முதல் 10 மடங்கு தூரம் வரை இந்தக் கலக்கம் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 15 மீட்டர் தென்னை என்றால் 150 மீட்டர் வரை நல்ல காற்று கிடையாது.

நான்காவதுதான் உயிரை எடுக்கக்கூடியது. தண்ணீர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. காற்றும் அதே சமயத்தில்தான் வலுக்கிறது. காவிரியில் மணல் தெரியும் கோடையில் காற்று போதாது, காற்று வந்தால் மணல் இருக்காது! கொள்ளிடம் உபரி நீர் போகும் ஆறு என்பதால் பல நாள் காய்ந்தே கிடக்கும். ஆனால் முக்கொம்பில் திறந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் மதகுகளே உடைந்தன. இது போக, மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அம்மா மண்டபம் படித்துறையில் 'ஆழம் தெரியாம இறங்காத தம்பி' என்று பெரியவர்கள் சொல்வது பட்டத்தோடு இறங்குபவருக்கும் சேர்த்துத்தான்.

அப்போ திருச்சியில் என்னதான் செய்யலாம்?

சின்னப் பயிற்சிப் பட்டம் பழகலாம். 2 முதல் 3 சதுர மீட்டர் அளவில், இரண்டு அல்லது மூன்று கயிறுகளோடு வருபவை இவை. ஆளைத் தூக்காது, ஆனால் கைக்கு இழுவை எப்படி என்று புரியவைத்துவிடும். ஊருக்கு வெளியே மின்கம்பியும் சாலையும் இல்லாத பெரிய திடல் வேண்டும், நிலத்துக்காரரின் அனுமதியும் வேண்டும். விமான நிலையப் பக்கம் போகவே கூடாது. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டம் 'விமானம்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலேயே பட்டமும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வெயில் ஏறினால் தரைச்சூட்டில் காற்று தாறுமாறாகும். அதனால் காலை நேரம் நல்லது.

வேடிக்கை பார்ப்பவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, கயிற்றுக்குக் கீழே விடாதீர்கள். நைலான் மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நாடு முழுக்கத் தடை விதித்தது. இந்தப் பட்டங்களின் கயிற்றில் கண்ணாடித்தூள் கிடையாது, ஆனால் விறைத்து நிற்கும்போது அதுவும் வெட்டும்.

அடுத்த கட்டம்: ராமேஸ்வரம்

திருச்சியிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டதால் ரயிலிலேயே தீவுக்குள் போய் இறங்கலாம். இந்தத் தீவின் அமைப்புதான் விசேஷம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. கோடையில் தென்மேற்குக் காற்று, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று. எது அடித்தாலும் அதற்கேற்ற கரை தீவில் ஏதாவது ஒரு பக்கம் கிடைத்துவிடும். பல இடங்களில் தண்ணீர் ஆழமில்லை, அலையும் குறைவு. விழுந்து எழுந்து பழகுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கே குவெஸ்ட் அகாடமி, தூத்துக்குடியில் அக்வா அவுட்பேக் ஆகியவை கைட்சர்ஃபிங் கற்றுத்தருகின்றன. சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். யூடியூப் பார்த்துத் தானாகப் பழகும் சமாச்சாரம் அல்ல இது. முதல் பாடமே பட்டத்தைப் பறக்கவிடுவது அல்ல, 'குயிக் ரிலீஸ்' எனும் அவசர விடுவிப்பை இழுத்து அதன் பலத்தை நொடியில் கொல்வதுதான். இது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் மட்டும் இறங்கவே கூடாது. தவறினால் திரும்ப வழியில்லை. மீன்பிடிப் படகு, வலை இருக்கும் இடங்களையும், அனுமதியில்லாத தேசியப் பூங்காத் தீவுகளையும் ஒதுக்கிவிட வேண்டும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருப்பதால் இலங்கையின் கற்பிட்டியும் கைக்கெட்டும் தூரம்தான். அங்குள்ள களப்பு உலகம் முழுக்க கைட்சர்ஃபிங் ஆட்கள் வரும் இடம்.

பனிக்கு எப்போது?

பட்டம் கைவந்த பிறகு. ஆனால் ஸ்கீ தனியாகக் கற்க வேண்டும். காஷ்மீர் குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உத்தராகண்டின் ஆலியும் ஸ்கீ பழகப் பெயர்பெற்ற ஊர். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால் கால் ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கம் போகும்.

பனியில் உராய்வு குறைவு என்பதால் கடலைவிடச் சின்னப் பட்டமே போதும். காற்றடைத்த பட்டத்தைவிட, பாராசூட் போன்ற 'ஃபாயில்' வகையைப் பலர் விரும்புகிறார்கள். ஹெல்மெட் கட்டாயம். தண்ணீர் அளவுக்குப் பனி மெத்தென்று இருக்காது.

லடாக்கில் பாங்காங் ஏரி உறைகிறதே, அங்கே போகலாமா? 4,000 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி குறைவு, அதே வேகத்துக்கு இழுவையும் குறைவு. மூச்சுத்திணறல், எல்லைப் பகுதிக் கட்டுப்பாடுகள், பக்கத்தில் மருத்துவமனை இல்லாதது எல்லாம் சேரும்போது புதியவருக்கு ஏற்ற இடமில்லை. சமதளமான பரந்த பனி, பனிச்சரிவு அபாயம் இல்லாத நிலம், தடையில்லாத சீரான காற்று: இந்த மூன்றுக்காகத்தான் ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையிலான ரயில் பாதையில் உள்ள ஹாகஸ்டால், கனடாவின் சிம்கோ ஏரி போன்றவை பேசப்படுகின்றன. ஆஸ்லோவிலோ டொரோண்டோவிலோ சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்களுக்குப் பாதிச் செலவு மிச்சம். ஏரி என்றால் பனிக்கட்டியின் தடிமனை உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். மேலே பனி மூடியிருந்தால் கீழே கட்டி எவ்வளவு மெலிசு என்று தெரியாது.