லயத்து வீடு: ஒரே கூரை, பல குடும்பங்கள்

திகாம் பத்து, சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு லயத்து வீட்டை விளக்க வேண்டியதில்லை. இன்று தாமானில் வளரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

பிரிட்டனின் பிரைட்டன், ஹோவ் கடற்கரைகளில் எழுந்த வரிசை வீடுகளும் பக்கத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டவையே. அங்கே அது கூரைவரை உயர்ந்த கெட்டிச் சுவர். நம் லயத்தில் அது வெறும் பலகைத் தடுப்பு. பல இடங்களில் கூரையைத் தொடாது. ஒரு வீட்டு அடுப்புப் புகையும் பேச்சும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

முன்னால் அஞ்சடி, உள்ளே ஓரிரு அறை, பின்னால் குசினி, மேலே தகரக் கூரை. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் பெரும்பாலும் பொது. நிர்வாகத்துக்குக் கட்டும் செலவு குறைவு. விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்டுவதும் எளிது.

1966-இலும் 1990-இலும் வந்த சட்டங்கள் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தன. ஆனால், வீடு நிர்வாகத்தின் சொத்தாகவே இருந்தது. வேலை போனால் வீடும் போனது. தோட்டங்கள் கைமாறி மேம்பாட்டுக்குப் போனபோது, தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் கையில் நிலப்பட்டா இல்லை.

இடிக்கப்பட்ட லயத்தின் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் அதன் பின்னால் இன்றே எழுதி வையுங்கள்.