நாற்பதில் நடிக்கத் தொடங்கியவர்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்கு ஓர் உத்தியோகம் அமைந்துவிட்டால் போதும். அவனுடைய கதை முடிந்துவிட்டதாகவே வீட்டார் கொள்வர். அதன்பின் அவன் புதியதொன்றைக் கற்க விரும்பினால், ‘இனி எதற்கு?’ என்ற கேள்வி எழும். முப்பது வயது கடந்தவனாயின் அக்கேள்வியை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்வான்.

இதனை எழுதும் யானும் அவ்வாறு கேட்டுக்கொண்டவனே. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, விழிஞ்ஞத்தில் வாடகை வீட்டிற் குடியிருப்பவன். மேல்நிலைக்குரிய துறைத் தேர்வில் இருமுறை தவறினேன். முப்பத்தாறு வயதில் மூன்றாம் முறை எழுதுவது நகைப்புக்கு இடமாகும் என்று எண்ணிப் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அந்நாளில் ஒரு விடுமுறை இரவு, தொலைக்காட்சியில் ‘செம்மீன்’ என்னும் பழைய மலையாளப் படம் வந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் எங்களுடன் அமர்ந்து பார்த்தார். அவர் நாற்பது ஆண்டுகள் இவ்விழிஞ்ஞம் கடலில் வலை வீசியவர். பழனி என்னும் மீனவன் தனியே தோணியிற் சென்று சுறாவோடு போராடும் இறுதிக் காட்சி வந்தபோது, அவர் கைகள் தம்மையறியாமல் கயிற்றைப் பிடிப்பதுபோல் மடங்கின. படம் முடிந்ததும், “இவர் கடலோரத்தில் பிறந்தவரா?” என்று வினவினேன். பெரியவர் சிரித்தார். “இல்லை தம்பி, நம்ம திருவனந்தபுரத்து ஆறாமடைக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், குமாஸ்தாவாக இருந்தார், பட்டாளத்தில் இருந்தார், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தார். அப்புறந்தான் நடிக்க வந்தார்” என்றார்.

குமாஸ்தா என்ற சொல் என் செவியில் தங்கிவிட்டது. அந்த நடிகர் சத்யன். அவர் வாழ்க்கையை அதன்பின் நாடி அறிந்தேன். அறிந்ததை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வது கடமையென்று கருதுகிறேன்.

சத்யனின் இயற்பெயர் சத்தியநேசன். 1912-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் நாட்டின் தலைநகரை அடுத்த ஆறாமடையில் பிறந்தார். வித்துவான் தேர்வில் தேறிப் பள்ளி ஆசிரியரானார். பின்னர் அரசுச் செயலகத்தில் எழுத்தரானார். நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்திலே வண்டியை நிறுத்திவிடுவோம்; நிழலான இருக்கை, மாதந்தோறும் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். சத்தியநேசன் நிறுத்தவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில், 1941-இல், படையிற் சேர்ந்தார். மணிப்பூர், பர்மா, மலாயா ஆகிய இடங்களிற் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும் திருவிதாங்கூர் போலீஸ் துறையில் அதிகாரியானார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைப்பது நேர்மையாகாது. அவர் ஆலப்புழையில் பணிபுரிந்த காலம், திவான் சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த காலமாகும். 1946 அக்டோபரில் புன்னப்பிரையிலும் வயலாரிலும் நிகழ்ந்த அவ்வெழுச்சி குருதியில் ஒடுக்கப்பட்டது. அந்நாளைய போலீஸாரைப் பற்றி ஆலப்புழைத் தொழிலாளர் நெடுங்காலம் கசப்போடு பேசினர். அக்கசப்புச் சத்தியநேசனையும் விடவில்லை. பெருமையை மட்டும் சொல்லி வளர்க்கும் புகழ் மணல்மேல் எழுப்பிய வீடு போன்றது. ஆதலின் இதனையும் சொல்லியே மேலே செல்கிறேன்.

நாடகத்தில் அவருக்கு நெடுநாளைய நாட்டம் இருந்தது. அது நாளடைவில் திரைப்பட ஆசையாயிற்று. முதலில் அவர் நடித்த ‘தியாகசீமை’ என்னும் படம் வெளிவரவே இல்லை. உத்தியோகத்தை விட்டு ஒரு தொழிலை நாடிய நடுவயதினருக்கு முதல் முயற்சியே முளையிற் கருகினால் எப்படியிருக்கும்! ஊரார் பேச்சு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். எனினும் அவர் பழைய நாற்காலியைத் தேடித் திரும்பவில்லை. 1952-இல் ‘ஆத்மசகி’ வெளிவந்தது. அப்படம் உருவான மெரிலாண்டு படநிலையம் நேமத்தில் உள்ளது. நம் இரயில்கள் நாள்தோறும் கடந்து செல்லும் அதே நேமந்தான். சத்தியநேசன் அந்த ஆண்டில் நாற்பதை எட்டினார். திரையில் அவர் பெயர் சத்யன் என்று சுருங்கிற்று.

இரண்டே ஆண்டுகளில், 1954-இல், ‘நீலக்குயில்’ வந்தது. பி. பாஸ்கரனும் இராமு காரியாட்டும் இணைந்து இயக்கிய படம் அது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தியைக் காதலித்து, ஊருக்கு அஞ்சி அவளைக் கைவிடும் பள்ளி ஆசிரியராக சத்யன் நடித்தார். அவள் இறந்துபோகிறாள், அவள் குழந்தையை ஓர் அஞ்சற்காரர் வளர்க்கிறார். ஈற்றில் ஆசிரியர் ஊரறியத் தம் மகனை ஏற்றுக்கொள்கிறார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படம், மலையாளத் திரைக்கு முதன்முதலில் நாடளாவிய மதிப்பைத் தேடித் தந்தது. பலகைக்கு முன் நின்று பழகிய ஒருவர் ஆசிரியராக நடிப்பதில் வியப்பில்லை எனலாம். ஆயின் அஞ்சி ஒதுங்கும் மனிதனின் வெட்கத்தை முகத்திற் காட்டியதே வியப்பு. அதற்கு வாழ்ந்திருக்க வேண்டும்.

அவர் கறுத்த மேனியர். உயரமும் மிகுதியாக வாய்க்காதவர். அழகிய முகமே கதாநாயகனுக்கு முதல் தகுதி என்று பலர் கருதிய காலம் அது. அவருடன் அதே ‘தியாகசீமை’யில் அறிமுகமான பிரேம் நசீர் காதல் நாயகராகக் கொடிகட்டிப் பறந்தார். சத்யனோ உழைக்கும் மனிதரின் முகமாக நிலைபெற்றார். 1965-இல் வந்த ‘ஓடையில் நின்னு’ இதற்குத் தக்க சான்று. பி. கேசவதேவ் எழுதிய நாவலைத் தழுவிய அப்படத்தை கே. எஸ். சேதுமாதவன் இயக்கினார். அதில் சத்யன் பப்பு என்னும் ரிக்‌ஷா இழுப்பவர். ஆதரவற்ற சிறுமி ஒருத்தியை உழைத்து வளர்த்து, அவள் உயர்ந்த பின் அவளுக்கே பாரமாகிப் போகும் மனிதர். இக்கதையே 1971-இல் தமிழில் ‘பாபு’ ஆயிற்று. அதில் நடித்தவர் சிவாஜி கணேசன். நம் வீட்டு மூத்தோர் ‘பாபு’வைக் கண்டு கண்ணீர் விட்டதை நினைவு கூர்வர். அந்தக் கண்ணீரின் ஊற்று இந்நகரத்து மனிதர் ஒருவரின் நடிப்பிலும் இருந்தது என்பதைப் பலர் அறியார். தொழிலாளரை ஒடுக்கிய துறையிற் பணிபுரிந்தவர், பின்னாளில் தொழிலாளியின் துயரத்தைத் தம் உடலில் ஏற்று நின்றார். அது கழுவாயா, கலையா என்று தீர்ப்புக் கூற நாம் யார்? நின்றார் என்பதே உண்மை.

அதே 1965-இல் ‘செம்மீன்’ வெளிவந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல். இராமு காரியாட்டின் இயக்கம். சலில் சௌதுரியின் இசை. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னாட்டுக்கு முதன்முதலிற் கொணர்ந்த படம் அது. அப்படத்தில் உரக்கப் பேசுவோர் பலர் உண்டு. பழனியோ குறைவாகப் பேசுகிறான்; துடுப்பைப் பற்றும் கையும் ஐயுறும் கண்ணுமே அவன் மொழி. கடலோடியாக வாழ்ந்த எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட மீனவன், கடலோடியே அல்லன்! நடிப்புக்கு இதனினும் பெரிய நற்சான்று எந்த அரசும் தர இயலாது.

அக்காலத்தில் மலையாளப் படங்கள் பெரும்பாலும் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே எடுக்கப்பட்டன. ஆகவே சத்யனும் தொழிலின் பொருட்டுச் சென்னையையே நாட நேர்ந்தது. எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! நாம் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக இவர் ஊருக்கு வந்தோம். இவர் தம் தொழிலுக்காக நம் நாட்டுத் தலைநகருக்குச் சென்றார். நாம் இங்கே மலையாளம் பேசிக் காய்கறி வாங்குகிறோம். இவர் அங்கே தமிழ் ஒலிக்கும் தெருக்களில் நடந்து மலையாளப் பாத்திரங்களுக்கு உயிரூட்டினார். ஆரியங்காவும் களியக்காவிளையும் வழிகளே, வேலிகள் அல்ல.

கேரள அரசு 1969-ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முறையாகத் திரைப்பட விருதுகள் வழங்கியபோது, சிறந்த நடிகர் விருது ‘கடல்பாலம்’ படத்துக்காக இவருக்கே கிடைத்தது. அதில் தந்தையும் மகனுமாக இரு வேடம் பூண்டிருந்தார். புகழ் உச்சிக்கு ஏறிய அதே வேளையில் உடலிற் கூற்றுவன் குடிபுகுந்தான். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறிந்த பின்னும் அவர் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. குருதி ஏற்றிக்கொண்டு வந்து வேடம் புனைந்தார் என்று உடன் பணியாற்றியோர் உருகிச் சொல்வர். 1971-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு.

அவர் மறைந்த பின்னரும் அவர் உழைப்பு திரைக்கு வந்துகொண்டிருந்தது. ‘அனுபவங்கள் பாளிச்சகள்’ அவ்வாறு வந்த ஒன்று. அதில் ஒரு சிறு வேடத்தில் தலைகாட்டிய இளைஞர், பின்னாளில் மம்மூட்டி என்று நாடறிய விளங்கினார். ‘கரைகாணாக்கடல்’ படத்துக்காக 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் விருது, வாங்க ஆளில்லாத நிலையில், சத்யன் பெயருக்கு அறிவிக்கப்பட்டது.

திரையில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகளே. அதற்கு முந்திய நாற்பதும் வீணாயினவா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பள்ளிப் பலகையும், செயலகத்துக் கோப்பும், பர்மாவின் காடும், போலீஸ் நிலையத்தின் இருளும் இல்லாதிருந்தால், அந்த முகத்தில் அத்தனை மனிதர் குடியிருந்திருப்பரா? இருக்க வழியில்லை. காலந்தாழ்ந்து வந்தவரெனினும் வெறுங்கையோடு வந்தவர் அல்லர்.

பாளையத்தை அடுத்த எல். எம். எஸ். வளாகத்தில், மேற்றீர் நினைவுத் தேவாலயத்தை ஒட்டி அவர் துயில்கிறார். சென்ற மாதம் பணி முடிந்து திரும்பும் வழியில் அங்கே சென்று சற்று நேரம் நின்றேன். சாலையில் பேருந்துகள் இரைந்தன. மாலை அலுவலகம் விட்டுச் செல்வோர் கைப்பையும் சோற்றுப் பாத்திரமுமாக விரைந்துகொண்டிருந்தனர். அவருள் எத்தனை பேர் தம் புத்தகங்களைப் பரணில் ஏற்றி வைத்திருக்கின்றனரோ!

வீடு திரும்பியதும் ஏணியை எடுத்தேன். “இந்த நேரத்தில் பரணில் என்ன தேடுகிறீர்கள்?” என்றாள் மனைவி. சொன்னேன். அவள் ஒன்றும் கூறவில்லை. புத்தகங்களின் மேலிருந்த தூசியைத் தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். தேர்வு வரும் ஆண்டில் நடக்கும். தேறுவேனோ, தவறுவேனோ, அறியேன். நம் இல்லங்களில் முப்பதைக் கடந்த மகனோ, நாற்பதைத் தொட்ட மருமகளோ புதியதொன்றைத் தொடங்க விழைந்தால், ‘இனி எதற்கு?’ என்று மட்டும் கேட்க வேண்டா என்பதே என் வேண்டுகோள்.