மொரிஸ் மைனர் வாங்குமுன் முன் சில்லை அளந்து பாருங்கள்

பழைய வாகனங்களை வாங்கி விற்கும் நமது சகோதரர்கள் மத்தியில் மொரிஸ் மைனருக்குத் தனி மதிப்புண்டு. 1948ல் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கும் மேல் தயாரான இக்காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனவே இன்று கைமாறும் எந்த மைனரும் அரை நூற்றாண்டு கண்டது. ஆனால் பெயின்டையும் சீட்டையும் பார்த்தே பலர் விலை பேசுகின்றனர்.

முன் சில்லைத் தாங்கும் சுவிவல் பின்னின் இரு முனைகளிலும் மரையிட்ட ட்ரனியன்கள் உள்ளன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அசைவது இம்மரைகளே. கிரீஸ் அடிக்கத் தவறினால் இவை தேயும். முற்றாகத் தேய்ந்தால் மரை கழன்று சில்லு மடிந்துவிடும். ஓடும்போது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

சோதிப்பது கடினமல்ல. ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குறை பெயாரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் ட்ரனியனில்.

அடுத்தது அளவு. டயல் கேஜை அடிச்சட்டத்தில் பொருத்தி, அதன் முனையைச் சுவிவல் பின்னின் கீழ்ப்பகுதியில் பட வையுங்கள். ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுங்கள். உதாரணமாக, 5 கிலோ இழுவையில் 1 மி.மீ. அசைந்து, 10 கிலோவிலும் அதே 1 மி.மீ.யில் நின்றால் அது தேய்மானத்தால் வந்த ஆட்டம். இழுவை கூடக் கூட அசைவும் கூடி, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் அது றப்பர் புஷ்ஷின் நெளிவு. றப்பர் ஓரளவு நெளிவது இயல்பு. இரு பக்கங்களையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் அதிகம் நெளிந்தால் புஷ்ஷை மாற்றுங்கள். மரை ஆட்டத்தை அப்படி விடலாகாது. ட்ரனியன் வாங்கும்போது, இடதுக்கும் வலதுக்கும் மரை வேறு என்பதையும் மறவாதீர்கள்.

சிலர் விற்குமுன் கனத்த கிரீஸை அடைத்து ஆட்டத்தை மறைக்கின்றனர். பொருளின் குறையை மறைத்து விற்பது நமது மார்க்கம் தடுத்த காரியம். "முன்பக்கம் நல்லம்" என்று வாயால் சொல்வதிலும், அளந்த கணக்கை எழுதிக் கொடுப்பதே மேல். குறையிருந்தால் திருத்திக் கொடுங்கள். அல்லது சொல்லி விலையைக் குறையுங்கள். இலாபம் சற்றுக் குறைந்தாலும் வாடிக்கையாளர் மீண்டும் நம்மிடமே வருவார். அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.